எக்ஸாம்: இது பயப்படுத்தும் சொல்லா, பயன்படும் சொல்லா?



பிப்ரவரி, மார்ச் மாதம் வந்துவிட்டால் நம் கிராமங்களில் ஒரு சொல் எல்லார் வாயிலும் புழங்கும். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எக்ஸாம் வருது, கல்யாணத்துக்கு வர முடியாது." "எக்ஸாம் முடியட்டும், அப்புறம் டிவி கனெக்சன் போட்டுக்கலாம்." பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டிகூட "எக்ஸாமு" என்று சொல்லுவார். பரீட்சை என்று சொன்ன காலம் போய், தேர்வு என்று படித்த காலமும் போய், இன்றைக்கு எக்ஸாம் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது, சரி. அதன் அர்த்தமும் வந்ததா? மே மாதம் ரிசல்ட் வரும் நாளில்தான் அது தெரியும். ஒரு பாடத்தில் மார்க் குறைந்ததற்காகப் பெண் பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. "படிப்பு ஏறலை, மாப்பிள்ளை பார்த்துடலாம்" என்று ஒரே ராத்திரியில் முடிவு எடுக்கிறார்கள். அதனால்தான் இந்த இதழில் எக்ஸாம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் பயன்படுகிறது, அந்தச் சொல் காதில் விழுந்தால் நாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று விளக்கமாகப் பார்க்கிறோம்.

சொல் பிறந்த இடம் தராசு

எக்ஸாம் என்பது சுருக்கப் பெயர். முழுப் பெயர் எக்ஸாமினேஷன். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் 'எக்ஸாமென்' என்றால் தராசின் நடுவில் நிற்கும் முள் என்று ஒரு பொருள் உண்டு. எடை சரியா இல்லையா என்று காட்டுவது அந்த முள்தானே? அதிலிருந்து 'எடை போட்டுப் பார்த்தல்', 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்ற அர்த்தம் வந்தது.

டெஸ்ட் என்ற சொல்லின் கதையும் இதே மாதிரிதான். அது மண்சட்டியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய காலத்தில் தங்கம், வெள்ளி சுத்தமா என்று பார்க்க ஒரு சிறு சட்டியில் போட்டு உருக்குவார்கள். கலப்படத்தைச் சட்டி உறிஞ்சிக்கொள்ளும், தங்கமும் வெள்ளியும் மிஞ்சும். அந்தச் சட்டிக்குத்தான் டெஸ்ட் என்று பெயர். நம் ஊர் ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் புடம் போடுவதும் நமக்குத் தெரிந்ததுதான்.

நம் மொழியிலும் பாருங்கள். தேர்வு என்றால் தேர்ந்தெடுப்பது. ஓட்டுப் போடும் தேர்தலும் பிள்ளை எழுதும் தேர்வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். பரீட்சை வடமொழிச் சொல். எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்ப்பது என்பது அதன் உள் அர்த்தம்.

ஆக, எக்ஸாம் என்றால் எடை போடுவது. சந்தையில் காய் விற்கும் நமக்குத் தராசைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டில் வைத்த பொருளைத்தான் தராசு காட்டும். வைக்காததைக் காட்டாது. எடையில் சந்தேகம் வந்தால் "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்போம். எக்ஸாமையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

ஒரே சொல், மூன்று இடம்

எக்ஸாமினேஷன் என்ற சொல் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. நமக்கு அது மூன்று இடத்தில் எதிர்ப்படும்.

முதல் இடம் பள்ளிக்கூடமும் கல்லூரியும். யூனிட் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன், மாடல், கடைசியில் பப்ளிக் எக்ஸாம். டெஸ்ட் என்றால் பொதுவாகச் சின்ன அளவில் நடப்பது. பாடம் நடத்திய டீச்சரே கேள்வி கொடுத்து அவரே திருத்துவார். பப்ளிக் எக்ஸாம் என்றால் பொதுத்தேர்வு. தமிழ்நாட்டில் அதை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள்.

இரண்டாவது இடம் ஆஸ்பத்திரி. "டாக்டர் எக்ஸாமின் பண்ணணும்" என்று நர்ஸ் சொன்னால், டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்கப் போகிறார் என்று அர்த்தம். ரத்த டெஸ்ட், சர்க்கரை டெஸ்ட் எல்லாம் அதற்கு அடுத்தது. இங்கே பாஸ், ஃபெயில் கிடையாது. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்தால் பல பேர் பயந்துபோகிறார்கள். எந்த நோய் இருக்கிறதா என்று தேடினார்களோ, அது டெஸ்டில் தென்படவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். 'பாசிட்டிவ்' என்றால் தேடியது தென்பட்டது என்று அர்த்தம். எதைத் தேடினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சொல் நமக்குப் புரியும். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகியவற்றில் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். அதற்கு 'ஸ்கிரீனிங்' என்று பெயர். நோய் வருவதற்கு முன்பே, அல்லது ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கத்தான் இது. கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு நர்ஸோ நம்மோடு வந்த பெண்ணோ கூட இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

மூன்றாவது இடம் கோர்ட். சாட்சிக் கூண்டில் நிற்பவரை, அவரை அழைத்த தரப்பு வக்கீல் முதலில் கேள்வி கேட்பார். அது முதல் விசாரணை. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதுதான் 'கிராஸ் எக்ஸாமினேஷன்', தமிழில் குறுக்கு விசாரணை. அங்கேயும் எடை போடுவதுதான் நடக்கிறது, நாம் சொன்ன சாட்சியத்தை எடை போடுகிறார்கள். குடும்ப வழக்கு, நில வழக்கு என்று நம் உறுப்பினர்கள் பலர் கோர்ட் படி ஏற வேண்டி வருகிறது. கேள்வி புரியாவிட்டால் "புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது தப்பில்லை.

"எக்ஸாம் எழுதுறது" சரியா?

பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகும்போது ஒரு சந்தேகம் வரும். நாம் தமிழில் "எக்ஸாம் எழுதினேன்" என்கிறோம். அதையே ஆங்கிலத்தில் 'ரைட்' போட்டுச் சொன்னால் நம் நாட்டில் எல்லாருக்கும் புரியும். இங்கிலாந்து, அமெரிக்காவில் பெரும்பாலும் 'டேக்' என்பார்கள். இங்கிலாந்தில் 'சிட்' என்றும் சொல்வது உண்டு. இன்னொன்று: எக்ஸாமுக்குப் போய்வந்தாலே பாஸ் ஆகிவிட்டோம் என்று ஆகாது. போய்வந்ததற்கு 'அப்பியர்', தேறியதற்கு 'பாஸ்' என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. வேலைக்கு மனுப் போடும்போது இரண்டையும் மாற்றி எழுதிவிடக் கூடாது.

கூடவே வரும் சில சொற்களையும் தெரிந்துகொள்வோம்.

ஹால் டிக்கெட்: தேர்வறைக்குள் போக நுழைவுச்சீட்டு. பெயர், பிறந்த தேதி, பாடம் எல்லாம் சரியா என்று முன்கூட்டியே பாருங்கள். பிழை இருந்தால் உடனே பள்ளியில் சொல்லுங்கள்.

பிராக்டிக்கல்: செய்முறைத் தேர்வு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மார்க்கில் 25 மார்க் இதற்குத்தான். இதற்குப் போகாமல் விட்டால் பாடமே போய்விடும்.

அரியர்: கல்லூரியில் தேறாமல் பாக்கி நிற்கும் பாடம். குழுக் கடனில் பாக்கித் தவணை மாதிரி. கட்டித் தீர்த்துவிடலாம்.

கட் ஆஃப்: இந்த மார்க்குக்கு மேல் இருந்தால்தான் இடம் என்று நிற்கும் கோடு. எத்தனை இடம், எத்தனை பேர் போட்டி என்பதைப் பொறுத்து அது வருஷா வருஷம் மாறும்.

இரண்டு வகைத் தேர்வு

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு வகை, கோட்டைத் தாண்டினால் போதும் என்ற தேர்வு. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மார்க், 35 எடுத்தால் தேர்ச்சி. எத்தனை லட்சம் பேர் 35 எடுத்தாலும் அத்தனை பேரும் பாஸ். பக்கத்து வீட்டுப் பிள்ளை 95 எடுத்ததால் நம் பிள்ளையின் 60 குறைந்துபோவதில்லை. முன்பெல்லாம் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவார்கள். 2017-ல் தமிழக அரசு பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது.

இன்னொரு வகை போட்டித் தேர்வு. இடம் கொஞ்சம், எழுதுபவர்கள் ஏராளம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 இதற்கு உதாரணம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் எழுதலாம். தமிழ்ப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற பகுதியையே பார்ப்பார்கள். அதையும் தாண்டி, எல்லாரிலும் அதிக மார்க் எடுத்தவர்களுக்குத்தான் வேலை. இதில் இடம் கிடைக்கவில்லை என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். "அஞ்சு லட்சம் குடுங்க, மார்க் போட்டுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் அது மோசடி. குழுவில் கடன் வாங்கி அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நம் குழுவே எழுதிய எக்ஸாம்

"நாங்க எங்க எக்ஸாம் எழுதினோம்?" என்று கேட்கும் அக்காமார்களுக்கு ஒரு செய்தி. நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஓடியதும் நடந்ததே கிரேடிங், அதாவது தரம் பிரித்தல், அது என்ன? கூட்டம் ஒழுங்காக நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், சேமிப்பு சரியாகக் கட்டினார்களா, உள்கடன் சுழன்றதா, தவணை திரும்ப வந்ததா, ஏடுகள் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க் போட்டார்கள். அதைத் தேறித்தான் வங்கிக் கடனுக்குப் போனோம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு குழு கிரேடிங்கில் தேறவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? குழுவைக் கலைத்துவிடுவோமா? மாட்டோம். கூட்டமைப்பிலிருந்து போய் உட்கார்ந்து, எதில் மார்க் போச்சு என்று பார்ப்போம். ஏடு எழுதவில்லை என்றால் எழுதக் கற்றுக்கொடுப்போம். கூட்டத்துக்கு வராதவர்களை வீடு தேடிப் போய் அழைப்போம். சில மாதம் கழித்து மறுபடி கிரேடிங் வைத்துத் தேறிவிடுவோம்.

பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவுக்குக் கொடுக்கும் இந்த இரண்டாவது வாய்ப்பை, பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்கு ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

இந்தத் தராசில் ஏற நம்மை விடவே இல்லை

எழுத்துத் தேர்வு வைத்து அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் வழக்கம் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1905-ல்தான் அது முடிவுக்கு வந்தது. நம் நாட்டை வெள்ளைக்காரர் ஆண்டபோது சிவில் சர்வீஸ் பதவிக்கு 1855 முதல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தார்கள். 1922-ல் இருந்துதான் இந்தியாவிலும் எழுத முடிந்தது. இந்தத் தேர்வுகளில் எல்லாம் வெகுகாலம் பெண்களுக்கு இடமே இல்லை. நம் நாட்டில் 1883-ல் கல்கத்தாவில் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்கூலியும் பட்டம் பெற்றார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான்.

நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்ற காலம். வீட்டிலிருந்தபடியே படித்து, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். ஆண்கள் படித்த கல்லூரியில் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். பின்னாளில் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் உருவானது. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து படித்து எழுதிய அந்தத் தேர்வு எங்கே கொண்டுபோய்விட்டது பாருங்கள்!

எக்ஸாமில் ஒரு நியாயமும் இருக்கிறது. பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது. அது ஏழைக்கு நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை காலையில் தண்ணீர் எடுத்து, தம்பிக்குச் சோறு ஊட்டி, பஸ் இல்லாமல் நடந்து வந்து எழுதியதும் அவருக்குத் தெரியாது. தராசு அன்றைக்குத் தட்டில் விழுந்ததை மட்டும்தான் காட்டும். மீதியைப் பெற்றவர்களாகிய நாம்தான் பார்க்க வேண்டும்.

ஃபெயில் என்று வந்தால் என்ன செய்வது?

முதலில், அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். திட்டுவதும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். சொந்தக்காரர் யாராவது போன் பண்ணி மார்க் கேட்டால் பதில் நீங்களே சொல்லுங்கள். பிள்ளை பேச்சில்லாமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே உதவி கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 104, பள்ளிக் கல்வி சம்பந்தமான விவரத்துக்கும் ஆலோசனைக்கும் 14417. இரண்டுமே அரசின் உதவி எண்கள்.

அடுத்து, கீழ்க்கண்டவற்றைப் பள்ளியில் கேளுங்கள்.

1. எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் குறைவு? 'ஃபெயில்' என்பது மொத்தப் படிப்புக்கும் போட்ட கோடு இல்லை. தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை, தேறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும்.

2. மறுகூட்டல் உண்டா? அதாவது போட்ட மார்க்கைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது. மறுமதிப்பீடு என்றால் விடையையே இன்னொருவர் திருத்துவது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கும் வழியும் இருக்கிறது. இதுதான் "இன்னொரு தடவை எடை போடுங்க" என்று கேட்பது. எந்த வகுப்புக்கு எது உண்டு, எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள்.

3. துணைத்தேர்வு எப்போது? ரிசல்ட் வந்த ஒன்றிரண்டு மாதத்திலேயே துணைத்தேர்வு வரும். அதில் தேறினால் அந்த வருஷமே மேலே சேர்ந்து படிக்கலாம். ஒரு வருஷம் வீணாகாது. கடைசித் தேதிக்குள் பணம் கட்டினோமா என்பதுதான் முக்கியம்.

4. வேறு வழி என்ன? எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தாலே சேரக்கூடிய ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளும் இருக்கின்றன.

பள்ளிப் படிப்பை முடித்து மேலே படிக்கப் போகும் பெண்ணுக்கு உதவியும் காத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. துணைத்தேர்வுக்குக் கட்டும் சிறு தொகையை மிச்சம் பிடித்து இதை எல்லாம் இழக்கலாமா?

ஒன்றை நினைவில் வையுங்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மார்க் குறைந்தது அதற்குச் சாக்காக முடியாது. அப்படி ஒரு பேச்சு ஊரில் எழுந்தால் 1098-க்குச் சொல்லலாம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் எக்ஸாம்

சில எக்ஸாம் பிள்ளைகளுக்குப் பணமும் கொண்டுவரும். அம்மாவுக்குத் தெரியாததால்தான் பல பிள்ளைகளுக்கு இவை தவறிப்போகின்றன.

என்.எம்.எம்.எஸ்.: அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எழுதுவது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது நாலு வருஷத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு: கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு. மாவட்டத்துக்கு 50 பெண் பிள்ளைகள், 50 ஆண் பிள்ளைகள் தேர்வாகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய்.

இரண்டுக்கும் வருமானச் சான்று வேண்டும். அதைக் கடைசி நாளில் ஓடி வாங்க முடியாது. பள்ளி திறந்ததுமே தலைமை ஆசிரியரிடம் "இந்த வருஷம் என்.எம்.எம்.எஸ். எப்போ சார்?" என்று கேட்டு வையுங்கள்.

உடல் குறைபாடோ, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமமோ உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவச் சான்றின் பேரில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. இதையும் பல மாதம் முன்பே பள்ளியில் கேட்க வேண்டும்.

நாமும் எழுதலாமே!

படிப்பை நடுவில் விட்ட உறுப்பினர்கள் எத்தனை பேர்! ஐந்தோடு நின்றவர்கள், ஏழோடு நின்றவர்கள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறினால் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு மட்டும் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். விவரம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையங்களில் கிடைக்கும்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று கேட்கிறீர்களா? பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா, 2018-ல் மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்திய தேர்வை எழுதும்போது அவருக்கு வயது 96. 100-க்கு 98 மார்க் வாங்கி முதலிடம் பிடித்தார்! 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருதும் வாங்கினார். 2023-ல் அவர் காலமானார். 96 வயதில் அவருக்கு எக்ஸாம் பயமாகத் தெரியவில்லை. நமக்கு நாற்பது, ஐம்பதுதானே ஆகிறது?

தேர்வு நேரத்தில் வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பெண் பிள்ளைக்கு வீட்டு வேலையைக் குறையுங்கள். மகனுக்கு எக்ஸாம் என்றால் டிவியை நிறுத்துகிறோம், மகளுக்கு எக்ஸாம் என்றால் பாத்திரத்தைக் கொடுக்கிறோம். இது சரியா?

ராத்திரி தூங்க விடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் தேவையான துணியோ நாப்கினோ பையில் வைத்துக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் 10 நிமிடம் கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கத்தான் கொடுக்கிறார்கள். "பதறாம முழுசா படிச்சுட்டு, தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதும்மா" என்று சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள். அடுத்த பரீட்சைக்குப் படிக்க வேண்டாமா?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

ஊக்குநர்கள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துவிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

- நம் குழு உறுப்பினர் வீடுகளில் இந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் எழுதி வைத்திருக்கிறோமா?
- போன வருஷம் தேறாமல் வீட்டில் நிற்கும் பெண் பிள்ளை யார்? அவளைத் துணைத்தேர்வு எழுத வைக்க யார் போய் அவள் அம்மாவிடம் பேசுவது?
- தேர்வுக் கட்டணத்துக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுக்கலாமா?
- விளக்கு வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் படிக்கக் குழுக் கட்டிடத்தைத் திறந்துவிடலாமா? யார் பொறுப்பு?
- நம்மில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எழுத ஆசைப்படுபவர்கள் யார் யார்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு நடக்கும் முதல் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு பெண் பிள்ளையின் பெயரும் விடுபடாமல் சரிபாருங்கள்.